'பார்த்தேன்' என்னும் பொத்தான்

பிறரைக் காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது, ஐயா. உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினிக் கடை வைத்திருக்கும் இந்தத் தினகரனிடம் வந்த எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் கிராமத்து ஏரிக்கு வெள்ள எச்சரிக்கைப் பக்கம் அமைத்தவன் நானே. மதகருகே உள்ள கருவி நீர்மட்டத்தை அளந்து சர்வருக்கு அனுப்பும். முன்பெல்லாம் ஒவ்வொருவர் போனும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் வாசலில் போய், 'செய்தி உண்டா' என்று கைகட்டி நிற்க வேண்டும். அந்த அடிமைத்தனத்தை ஒழித்தேன். வெப்சாக்கெட் என்னும் முறையில், சர்வருக்கும் போனில் திறந்திருக்கும் பக்கத்துக்கும் இடையே இணைப்பு அறாமல் இருக்கும். மட்டம் சிவப்பைத் தொட்ட நொடியே, கேட்காமலே அபாய மணி ஒலிக்கும். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே நொடியில்.

அந்த ஒரே நொடிதான் பிழையாயிற்று. சோதனை நாளில் ஏரிச் சங்கத் தலைவர் தாண்டவராயன் கடைக்கு வந்தார்.

"இன்னாடா தினகரா, எனக்கும் அந்த மேரிக்கும் ஒண்ணா மணி அடிக்குது? ஏரியில மொதத் தண்ணி யாருக்கு? தேர்ல மொத வடம் யாருக்கு? உன் மிஷினுக்கு இதெல்லாம் தெரியாதா?"

தெரியாதுதான். கணினிக்குச் சாதி தெரியாது என்று பள்ளி ஆண்டு விழாவில் முழங்கிக் கைதட்டல் வாங்கியவன் நான். தெரியாததைக் கற்பித்தேன், நான்கே வரி. ஊர்த்தெருவுக்கு உடனே மணி. காலனிக்கு, தலைவர் தம் போனில் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்திய பிறகு.

மேரி, கரைக்குக் கீழே முதல் வீட்டுக்காரி, நடவு வேலைக்குப் போகிறவள், வாய்த்துடுக்கு உண்டு. ஒருநாள் கடைவாசலில் நின்று கேட்டாள்: "இன்னாண்ணா, அவுரு துன்னு கை கயுவினப்பறந்தான் எங்க போன்ல மணி அடிக்குது. வெள்ளம் இன்னா, அவுரு ஏப்பம் வுடற வரிக்கும் கரை மேல குந்திக்கினு இருக்குமா?"

நகைச்சுவை உணர்வுள்ள பெண். நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் ஒருநாள், பகல் ஒன்று பத்துக்கு மட்டம் சிவப்பைத் தொட்டது. ஊர்த்தெருவில் மணி ஒலித்தது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள். தலைவர் பக்கத்து ஊரான பெருநகரில் கல்யாணப் பந்தியில் இருந்தார், போன் காரில். நான் திரையின் முன்பே அமர்ந்திருந்தேன். வரிசையைத் தாண்டிச் செய்தியை விடும் அதிகாரம் என் விரலுக்கும் இருந்தது, மறைக்கவில்லை. தலைவரை ஏழு முறை அழைத்தேன். மேரியின் எண்ணும் அதே திரையில்தான் இருந்தது. பெரியவர் அறியாததை அவளுக்கு முதலில் சொல்வது முறையாகப் படவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கரை உடைந்தது. மேரி, அவள் மகள் நிஷா, இன்னும் மூவர்.

இரண்டரைக்குத் தலைவர் பாயசம் முடித்துக் காருக்கு வந்து பொத்தானை அழுத்தினார். வெளியூரான ஓரிக்கையில் கொத்து வேலையில் இருந்த மேரியின் கணவன் ஆல்பர்ட்டின் போன் அந்த நொடியே ஒலித்தது: 'உடனே வீட்டை விட்டு வெளியேறவும்.'

பதிவுகளைப் பாருங்கள், ஐயா. இணைப்பு ஒரு கணமும் அறவில்லை. என்னால் எவரும் காத்திருந்ததில்லை.