கிழிந்த காற்சட்டையும் நான் வழங்கிய மன்னிப்பும்

பெருமைக்கும் பொறுமைக்கும் ஒருங்கே உரிய அவைத்தலைவர் அவர்களே! பத்தே நிமிடம் என்று சொல்லி என்னை மேடையேற்றிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே! ஊசிமுனையால் உலகின் மானம் காக்கும் தையற்கலைச் செல்வர்களே! கத்தரி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போன கட்டிங் மாஸ்டர்களே! பொத்தானுக்குக் காஜா எடுத்து எடுத்தே கண்ணாடி போட்டுக்கொண்ட தாய்மார்களே, சகோதரிகளே! முன்வரிசை மூன்றாம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, என்னைத் தவிர இந்த மண்டபத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என் அத்தான் அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கண்ணால் கணவரையும் மறு கண்ணால் தம்பியையும் கண்காணிக்கும் என் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை, அளவெடுக்காமல், வெட்டிக் குறைக்காமல், முழுத் துணியாகவே விரித்து வைக்கிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். என் படம். படத்தைச் சுற்றி ஒளிவட்டம். அடியில் மஞ்சள் எழுத்தில் 'மன்னிப்பின் மாமலை'! யார் மலை? என்ன மலை? ஒன்பது ஆண்டுகள் பேசாதிருந்த அத்தானைச் சென்ற மாதம் நான் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன் என்ற செய்தி சங்கத்தின் செவிக்கு எட்டியது. உடனே சங்கம் கூடியது, தீர்மானம் போட்டது, ஆண்டுவிழாவில் மன்னிப்பின் மாண்பைப் பற்றிப் பேச என்னையே அழைத்தது. பேசுகிறேன். ஒன்றையும் மறைக்காமல் பேசுகிறேன். கைதட்டலை மட்டும் தயவுசெய்து கையிலேயே வைத்திருங்கள். கடைசியில் அதை யாருக்குத் தருவது என்பதில் உங்களுக்குக் குழப்பம் வரக்கூடும்.

எங்கள் கடையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே அறை. சன்னலோரம் என் மேசை. சுவரோரம் அத்தானின் தையல் எந்திரம். இடையே பத்தடி. நான் வெட்டுவேன், அவர் தைப்பார். துணியில் நான் இரண்டு கோடுகள் போடுவேன். உள்கோடு, ஊசி ஓட வேண்டிய கோடு. அதற்கு அரை அங்குலம் வெளியே வெளிக்கோடு. கத்தரி ஓட வேண்டிய கோடு. அந்த அரை அங்குலத்தை ஊரில் யாரும் பார்ப்பதில்லை, யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் உடுத்தியவனை ஊர் சிரிக்காமல் காப்பது அந்த அரை அங்குலம்தான் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் திருமணம். என் திருமணக் காற்சட்டையை இன்னொருவன் வெட்டுவதா? நானே வெட்டினேன். அத்தானே தைத்தார். மணநாள் காலையில் அதை எனக்கு மாட்டிவிட்டு, பொத்தானைச் சரிசெய்துகொண்டே அவர் மெதுவாகச் சொன்னார். “மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குனியாதீங்க.” வண்டியில் ஏறும்போது அதையே மறுபடி சொன்னார். மண்டப வாசலில் மூன்றாம் முறையும் சொன்னார். சரி அத்தான், சரி அத்தான் என்று தலையாட்டிவிட்டு மேடையேறினேன்.

மேடையில் என் துணைவியாரின் கைக்குட்டை நழுவி விழுந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். ஆனால் நான் மணமகன் அல்லவா? காதலன் அல்லவா? கண்ணியவான் அல்லவா? குனிந்தேன். ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்ததோடு போயிருந்தால் முன்வரிசையோடு போயிருக்கும். வாழ்த்துரைக்காக வைத்திருந்த ஒலிவாங்கி எனக்குப் பின்னால், சரியான உயரத்தில், திறந்தபடி நின்றது. ‘டர்ர்ர்’ என்ற அந்த ஒலி மண்டபத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும் முழங்கியது. வீதியில் மிதிவண்டியில் போனவர் இறங்கி நின்று என்னவென்று விசாரித்தாராம். அன்று மாலைக்குள் எனக்குப் பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது: டர்ரு மாஸ்டர். ...காதில் விழுந்தது ஐயா, பின்வரிசையில் நீங்கள் அதைச் சொல்லிப் பார்த்தது என் காதில் நன்றாகவே விழுந்தது.

இப்போது என் அறிவைக் கேளுங்கள். அத்தான் மூன்று முறை எச்சரித்தார் அல்லவா? அப்படியானால் அது கிழியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும் தைத்திருக்கிறார். ஆகவே திட்டமிட்டே தைத்திருக்கிறார்! வழக்கு முடிந்தது. வாதி நான், வக்கீல் நான், நீதிபதியும் நான். ஆயுள் முழுக்க அத்தானோடு பேசுவதில்லை என்று தீர்ப்பெழுதினேன்.

தீர்ப்பெழுதுவது எளிது, தொழில் நடக்க வேண்டாமா? வாயால் பேசாததை எல்லாம் வெட்டிய துணியின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதத் தொடங்கினேன். முதலில் ‘இடது தோள் அரை அங்குலம் இறக்கம்’ என்று அளவு மட்டும் எழுதினேன். பிறகு அளவோடு சற்று அபிப்பிராயமும் சேர்ந்தது. அத்தான் பதில் எழுதியதே இல்லை. தைத்த துணி, எங்கள் கடையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் போகும். அவர் தூரிகையால் தட்டித் துடைத்துவிட்டு, தேய்த்து மடிப்பார். ஒரு நாள் அவர் விடுப்பு. அன்று துடைக்காமல் போன கோட்டு ஒரு தலைமை ஆசிரியருடையது.

அவர் பள்ளி அரங்கில், பெரியோரை மதிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு உரையாற்றியிருக்கிறார். புழுக்கம் தாங்காமல் கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரிய நாற்காலியில் மாட்டியிருக்கிறார். நானூறு பிள்ளைகள். வாசிக்கக் கற்ற பிள்ளைகள். ஒரே குரலில் வாசித்தார்கள்: ‘கண்ணு என்ன முழங்கால்லயா இருக்கு?’ மறுநாள் தலைமை ஆசிரியர் கடைக்கு வந்தார். என்ன சொன்னார் என்பதைத் தாய்மார்கள் இருக்கும் அவையில் என்னால் திருப்பிச் சொல்ல முடியாது.

அப்போதாவது நான் திருந்தினேனா? இல்லை. அந்தக் கிழிந்த காற்சட்டையைத் துவைக்காமல், தைக்காமல், கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டு வைத்திருந்தேன். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் காட்டினேன். அளவு கொடுக்க வந்தவர்கள் என் வரலாற்றையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். என் அக்கா இரு வீட்டுக்கும் நடுவே நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்னை நான்கு மணிக்கும், தன் கணவரை வேலையை முடித்துவிட்டு ஆறு மணிக்கும் வரச் சொன்னார். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, சொந்த வீட்டுக்கு, ஆறு மணிக்கு! அந்த மனிதர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் ஆறு மணிக்குப் போனார்.

அவையோரே, அந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு இரத்த அழுத்தம் வந்தது. வயிற்றில் புண் வந்தது. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என மாத்திரை வந்தது. அத்தானுக்கு என்ன வந்தது? தொப்பை வந்தது! மதியம் சாப்பிட்டுவிட்டு எந்திரத்தின் மேல் தலைசாய்த்துக் குறட்டை விட்டார். பத்தடி தூரத்தில் நான் அந்தக் குறட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். தவறு செய்தவர் தூங்குகிறார், தவறு செய்யாதவன் விழித்திருக்கிறேன், இது என்ன நியாயம் என்று நான் கேட்காத நாளில்லை. அந்தக் கேள்விக்கு விடை என் அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் நம் சங்கம், புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு வகுப்பு நடத்துவதாகவும், தவறான தையலுக்கு மாதிரி ஏதேனும் இருந்தால் தரலாம் என்றும் சுற்றறிக்கை விட்டது. என்னிடம் இல்லாத மாதிரியா? அத்தான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம், காற்சட்டையை இறக்கி, சன்னல் வெளிச்சத்தில் விரித்து, கிழியாமல் மிஞ்சியிருந்த தையலையும் ஆசையாசையாகப் பிரித்தேன். உலகத்துக்கே அத்தானின் அலட்சியத்தைக் காட்டப்போகிறேன்!

அலட்சியம் அங்கே இல்லை. ஒரு வரி தைக்க வேண்டிய இடத்தில் மூன்று வரி தைத்திருந்தது. எள்ளளவு எள்ளளவாக, நெருக்கி நெருக்கி, கையாலும் ஒரு வரி ஓடியிருந்தது. அப்படியொரு தையலை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. பிறகு ஏன் கிழிந்தது? துணியின் ஓரத்தைப் பார்த்தேன். அந்த அரை அங்குலத்தைக் காணோம். வெட்டிய விளிம்பின் மேலேயே ஒரு நீலக் கோடு. எங்கள் கடையில் நீலச் சாக்கட்டியை நான் ஒருவன்தான் பயன்படுத்துவேன். அது ஊசி ஓட வேண்டிய உள்கோடு.

ஆம், அவையோரே! மனமெல்லாம் மணமேடையில் இருக்க, நான் வெளிக்கோட்டை விட்டுவிட்டு உள்கோட்டிலேயே கத்தரியை ஓட்டியிருக்கிறேன். தைக்க இடமே இல்லாத துணியை அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். அதே துணி வேறு இல்லை, விடிந்தால் திருமணம். உன் கையே தவறிவிட்டது என்று மணமகனிடம் எப்படிச் சொல்வது? சொல்ல மனமில்லாமல், மூன்று வரி தைத்துவிட்டு, குனியாதே குனியாதே என்று என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

...சிரித்தவர்கள் எல்லோரும் ஏன் நிறுத்திவிட்டீர்கள்? இன்னும் சிரிப்பதற்கு இருக்கிறது. நான் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள்.

ஓடிப்போய் அத்தானின் கையைப் பிடித்தேனா? இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் எவ்வளவு பிரித்தேனோ அவ்வளவையும் அவசர அவசரமாகத் தைத்து, பழையபடி அலமாரியில் தொங்கவிட்டேன். மறுநாள் அவர் வந்ததும், முகத்தை முனிவர்போல வைத்துக்கொண்டு, பத்தடியையும் கடந்துபோய், ஒன்பது ஆண்டில் முதன்முறையாக வாய் திறந்தேன். “அத்தான், நடந்தது நடந்துபோச்சு. நான் உங்கள மன்னிச்சுட்டேன்.” தவறே செய்யாத மனிதருக்கு, தவறு செய்த நான், மன்னிப்பு வழங்கினேன்! அவர் சரி மாப்பிள்ளை என்றார். எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார். அக்கா அன்று அழுதுகொண்டே எனக்குப் பரிமாறினார். ஊர் பாராட்டியது. சங்கம் பதாகை அடித்தது. மாத்திரை மூன்று நான்கானது.

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரமாகிவிட்டதாம். ஒன்பது ஆண்டு பொறுத்தவர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் ஐயா. நீங்கள் ஒன்பது நிமிடம் பொறுங்கள்.

மன்னிப்பு மனிதனை விடுதலை செய்கிறது என்கிறார்களே, அது உண்மையா? உண்மை. நான் சாட்சி. மன்னித்தவர் விடுதலையானதை என் கண்ணால் கண்டேன். பத்தடி தூரத்தில், அவர் குறட்டை விடக் கண்டேன். அவர் அன்றே மன்னித்தார், அன்றே மறந்தார், அன்றே தூங்கினார். சாக்கட்டியால் நான் எழுதிய வசவுக்கெல்லாம் அழகழகாய்த் தோள் வைத்துத் தைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தன் மனைவியிடம்கூட, உன் தம்பி வெட்டியதுதான் தவறு என்று சொல்லவில்லை. அக்கா இப்போது அவரைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தாலே அது உங்களுக்குத் தெரியும்.

அத்தான்! இந்த மேடையில் இருந்தபடி, இத்தனை பேர் அறியக் கேட்கிறேன். வெட்டியது நான். பழித்தது உங்களை. தெரிந்த பிறகும் மறைத்தேன். நான் கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது உங்களுக்கு உரியதே அல்ல. எனக்கு ஒன்று தாருங்கள்.

...எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி. ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்காது. அவர் சொல்லச் சொல்ல நானே திருப்பிச் சொல்கிறேன்.

“நான் சாப்பிட்டுத் திரும்பி வந்த அன்னைக்கே பார்த்துட்டேன் மாப்பிள்ளை. அலமாரியில இருந்த தையல் என்னுது இல்ல.” ...அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் முனிவர் வேடம் போட்டு நின்றபோதே தெரிந்திருக்கிறது. “ஒன்பது வருஷம் பேசாம இருந்தது கூட எனக்குப் பெரிசா தெரியல. தெரியாம கோபப்பட்டீங்க, விட்டுட்டேன். தெரிஞ்சுகிட்டே வந்து மன்னிச்சேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு மதியம் தூக்கம் வரல.”

அவையோரே, இதை நான் திருப்பிச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இருந்தாலும் சொல்லிவிட்டேன். இன்னும் ஏதோ சொல்கிறார். “அங்கேயே நின்னுகிட்டு எவ்வளவு நேரம் கேட்பீங்க? இறங்கி வாங்க.”

வருகிறேன் அத்தான்.

இந்த மேடை நான்கு படி உயரம். கொடுப்பவன் என்று நினைத்து ஏறினேன், வாங்குபவனாக இறங்குகிறேன். இந்த அவையில் யாருக்காவது யாரிடமாவது கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தால், அவர்களும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து போங்கள். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்ட செயலாளருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். மன்னிக்க வேண்டும், எனக்கு அவசரம், அவர் நின்றுகொண்டிருக்கிறார்.