குதிரை பேசக்கூடாது

சிரிப்பு இருக்கிறது. கட்டாயம் இருக்கிறது. ஆனால் இப்போதே கிடையாது. குதிரையின் பின்னங்கால்களுக்குள் நிற்பது யார் என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு. முதலிலேயே சொல்லிவிட்டால் கதை காற்றுப் போன பந்து மாதிரி ஆகிவிடும்.

முன்னங்கால்களைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். அங்கே நிற்பது தலைவருடைய மகள். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பேர். தலைவர் என்றால் கால்பந்து ரசிகர் மன்றத் தலைவர். மற்ற நேரத்தில் டைல்ஸ் கடைக்காரர். குதிரை என்றால் துணிக்குதிரை. அணியின் சின்னம். உள்ளே இரண்டு பேர் நுழைந்து, வயிற்றுக்கடியில் ஜிப்பை இழுத்துக்கொண்டு ஆட வேண்டும். வழக்கமாகத் தலைவருடைய அக்கா பையன்கள் இரண்டு பேர்தான் ஆடுவார்கள். முன்னால் பெரியவன், பின்னால் சின்னவன். இன்றைக்கு இறுதி ஆட்டம். அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் தங்கக்கால் மைதானத்துக்குள் வரும்போது குதிரை முட்டி போட்டு வணங்க வேண்டும். அதற்குப் பதிலாகத் திரும்பி நின்று வாலைத் தூக்கிக் காட்டுவது என்று ரேடியோ முடிவு செய்திருந்தாள். அக்கா பையன்கள் தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார்கள். திட்டம் அவ்வளவுதான். உடை மாற்றும் அறைக்குள் அப்பா வருவார் என்பது திட்டத்தில் இல்லை.

வந்தார். வரும்போதே பாதிப் புலம்பலில் இருந்தார்.

“...இல்ல, எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன், பெரியவனே! என் சொந்த அக்கா பசங்க, என் குதிரைக்குள்ள இருந்துக்கிட்டு, முதுகக் காட்டப் போறீங்களாமே? வெளிய டீ குடிக்கிற இடத்துல பேசிக்கிறானுங்க! ஏய், பேசாத. பேசாதங்கிறேன்ல! தலைய மாட்டினா வாயத் தெறக்கக் கூடாது, ரூலு. யாரு போட்ட ரூலு? நான் போட்ட ரூலு. போன சீசன்ல எதிர் டீம் கோல்கீப்பரோட அம்மாவ நீ ஒரு வார்த்தை சொல்லப் போயி, குதிரைக்கு ரெண்டு மேட்ச் தடை! குதிரைக்கு! எந்த ஊர்லயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? அதனால மூடிக்கிட்டுக் கேளு.”

குதிரை தலையை ஆட்டியது. ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். குதிரையின் வாய் ஓட்டை வழியாக அவளுக்கு அப்பாவின் தொப்பையும், அதன்மேல் தொங்கிய துணிப்பையும் மட்டும்தான் தெரிந்தன.

“தங்கக்கால் தப்புப் பண்ணான், பண்ணல, அது வேற பஞ்சாயத்து. நான் என்ன சொல்றேன்? கால் வேற, கை வேற. நான் கைதட்டுறது காலுக்கு. கை என்ன பண்ணுச்சுங்கிறது கையோட சமாச்சாரம். சரிதானே? இத வீட்ல சொன்னா உங்க அத்தை இருக்காளே...” தலைவர் மூக்கால் பேசத் தொடங்கினார். பெண் குரல் என்றால் அவருக்கு மூக்கு. ஆண் குரல் என்றால் இருமல். “‘ஏங்க, காலும் கையும் தனித்தனி வீட்டுலயா குடியிருக்கு?’ங்கிறா! நான் விடுவேனா? ‘நம்ம பல் டாக்டர் வீட்ல சம்சாரத்தப் போட்டு அடிக்கிறாராம். உனக்குப் பல்லு வலிச்சா போவியா மாட்டியா?’ன்னு கேட்டேன். மடக்கிட்டேன்னு நெனச்சேன்டா. ‘போக மாட்டேன்’னுட்டா. போகவும் இல்ல! ரெண்டு மாசமா ஒரே பக்கமா மென்னுக்கிட்டிருக்கா. சாப்பிடும்போது எதிர்ல உக்காரவே முடியல.

“மகள் ஒருத்தி இருக்காளே, ரேடியோ... அவளப் பத்திப் பேசாத. என் குரல்லயே கடைக்குப் போன் போட்டு, ‘இன்னிக்குக் கடைக்கு லீவு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க’ன்னு சொன்னவ அவ. போயிட்டானுங்க! அவதான் மன்றத்துல பாதிப் பேரக் கெடுத்து வச்சிருக்கா. ‘அவன் பந்தத் தொட்டா நாங்க திரும்பி உக்காருவோம்’னு. திரும்பி உக்காந்தா கோல் எப்படித் தெரியும்? சொல்லு. பின்னாடியா கண்ணு இருக்கு?”

பின்பக்கம் லேசாகக் குலுங்கியது.

“சிரிக்காத, சின்னவனே! எனக்கு வயிறு எரியுது. எத்தன வருஷம் தோத்தோம்! மழையில நனைஞ்சு, ஏழு கோல் வாங்கிட்டு வீட்டுக்குப் போனா, அப்ப சின்னப் பொண்ணு அவ, ஓடி வந்து ‘யாருப்பா ஜெயிச்சா?’ம்பா. ‘மழை ஜெயிச்சுடுச்சுடா கண்ணு’ன்னு சொல்லிட்டுத் தலை துவட்டுவேன். அப்படிப்பட்ட டீம ஃபைனலுக்குக் கொண்டு வந்தது யாரு? அந்தக் கால்தானே? அந்தக் கால வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வருமா?”

மழை ஜெயித்த கதை ரேடியோவுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு நொடி தலையைக் கழற்றிவிடலாமா என்று தோன்றியது. கழற்றவில்லை.

“சரி, நம்ம டீம் துணி துவைக்கிற அந்தச் சலவை மெஷின் அம்மா என்ன சொல்லுது? வெள்ள ஜெர்சி ரோஸ் கலர் ஆயிடுச்சாம். எவனோ சிவப்பு சாக்ஸ உள்ள போட்டுட்டான். அதுக்குத் தங்கக்கால் பூட்ஸத் தூக்கி எறிஞ்சானாம், புருவம் கிழிஞ்சு தையல் போட்டாங்களாம். அவன் என்ன சொல்றான்?” இருமினார். “‘தரை ஈரம், வழுக்கி விழுந்துட்டாங்க, பாவம், நான்தான் தூக்கி விட்டேன்.’ நம்ம செக்ரட்டரி என்ன கேக்குறார்? ‘எறிஞ்ச பூட்ஸ் எங்கம்மா? ரூம் பூரா தேடியாச்சு. றெக்க மொளச்சுப் பறந்துடுச்சா?’ அந்தம்மாவால பூட்ஸக் காட்ட முடியல. இப்ப மாடியில விசாரணைக் குழு உக்காந்திருக்கு. ‘பொய்ப் புகார்’னு எழுதிட்டா அவன் ஆடலாம். அந்தம்மா நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம். இன்னிக்கே கேட்டுக்குள்ள விடாதன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லியாச்சு... ஏன்டா பின்னாடி ஒதைக்கிற? கால் மரத்துப் போச்சா? கொஞ்சம் பொறு. இந்தா, இதத் தொட்டுக்கோ. ராசி.”

துணிப்பையிலிருந்து ஒரு பூட்ஸ் வெளியே வந்தது. ஒன்றே ஒன்று. இடது கால். தலைவர் தன் கடையில் வாஷ்பேசின்களுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வைத்திருந்த பூட்ஸ்.

ரேடியோ அதைத் தினமும்தான் பார்த்திருக்கிறாள். தங்கக்கால் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் ‘எறிஞ்ச பூட்ஸ் எங்க’ என்ற கேள்வி காதில் விழுந்த கையோடு அது கண்ணெதிரே வந்தது இப்போதுதான். குதிரைத் தலை மெதுவாகச் சாய்ந்து பூட்ஸைப் பார்த்தது. பிறகு தலைவரைப் பார்த்தது. மறுபடியும் பூட்ஸைப் பார்த்தது.

“என்ன அப்படிப் பாக்குற? ஒத்தப் பூட்ஸ எவன் அன்பளிப்பாக் குடுப்பான்னுதானே? கடைக்கு வர்றவனும் அதத்தான் கேக்குறான். குடுத்தாருடா! கையெழுத்துப் போட்டு... சும்மா பாக்காதடா பெரியவனே. பெயின்ட் அடிச்ச கண்ணுதான், ஆனாலும் என்னமோ பண்ணுது.”

குதிரை பார்த்துக்கொண்டே இருந்தது.

“சரி, கையெழுத்து நான் போட்டது. போதுமா? அவன் கையெழுத்து எனக்கு நல்லா வரும். பூட்ஸ்... பூட்ஸ் அவனுதுதான். ஆனா அவன் குடுக்கல. உருண்டு வந்துச்சு.”

வெளியே மேளம் தொடங்கியது. தலைவர் கதவைச் சாத்தினார். குரல் தானாக இறங்கிவிட்டது.

“உன்கிட்ட சொன்னா என்ன? நீ என்ன பேசவா போற? அன்னிக்கு அவன்கிட்ட கையெழுத்து வாங்கத்தான் பேனாவ எடுத்துக்கிட்டுப் போனேன். சலவை ரூம் கதவு பாதி தெறந்திருந்துச்சு. அந்தம்மா ஜெர்சிய ரெண்டு கையாலயும் விரிச்சுக் காட்டி, ‘மறுபடி ஊற வச்சாப் போயிடும் தம்பி’ன்னு சொல்லுது. தம்பின்னுதான் சொல்லுது. இவன் பூட்ஸக் கழட்டி... ஏன்டா, பெனால்டி அடிக்கும்போதுகூட அவன் அவ்வளவு குறி பாத்து நான் பாத்ததில்ல. பட்டுச்சு, தெறிச்சுச்சு, கதவு வழியா உருண்டு வந்து என் செருப்புல முட்டி நின்னுச்சு. நான் என்ன பண்ணிருக்கணும்? உள்ள போயிருக்கணும். போகல. எடுத்துப் பையில போட்டேன். கை தானாப் போட்டுச்சுடா. அப்புறம் ‘குடுத்தாரு’ன்னு ஒருத்தன்கிட்ட சொன்னேன், அவன் நாலு பேர்கிட்ட சொல்லிட்டான், பெட்டி செய்ய வேண்டியதாப் போச்சு, பெட்டி செஞ்சா லைட்டுப் போட வேண்டியதாப் போச்சு... இப்ப எடுத்தா ஏன் எடுத்தேம்பான். விடு. ஆனாலும் கால் வேற...”

“...கை வேற,” என்றது குதிரை. தலைவரின் குரலில். அந்தத் தொண்டைக் கரகரப்பு, ‘வேற’வை இழுக்கும் இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக.

தலைவர் சிரித்தார். “பரவால்லயே, பெரியவனே! என்ன மாதிரியே பேசுறியே! நெசமா என்ன மாதிரியே...”

சிரிப்பு பாதியில் நின்றது. அவரை மாதிரியே பேச இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

“நீயா?”

குதிரை ஆமாம் என்று தலையாட்டியது.

“அப்ப... முன்னாடி நீன்னா...” அவர் கண்கள் குதிரையின் கழுத்து வழியாக நடந்து, முதுகு வழியாக நடந்து, வாலுக்கு வந்து சேர்ந்தன. “பின்னாடி யாரு?”

இதுதான் அந்தச் சிரிப்பு. இரண்டு காலுக்கும் நடுவே பந்தை விட்டுவிட்டு, பந்து எங்கே என்று முன்னால் தேடும் கோல்கீப்பரின் முகம். அந்த முகத்தைத் தலைவர் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டுக்குள் விடாதே என்று உத்தரவு போட்டால், குதிரைத்தோலைத் துவைத்துக் காயப்போட்டு ஜிப் மாட்டுகிறவர் வேறு எப்படித்தான் உள்ளே வருவார்?

ஜிப் சரக்கென்று இறங்கியது. தண்ணீரிலேயே ஊறி விரல் நுனி சுருங்கிப்போன ஒரு கை, சோப்பு வாசனையோடு வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது. ஒரு வார்த்தை இல்லை. ரூல் ரூல்தானே.

மைதானத்தில் ஒலிபெருக்கி குதிரையைக் கூப்பிட்டது. பத்தாயிரம் பேர் கைதட்டினார்கள். தலைவர் பூட்ஸைப் பார்த்தார். தானே போட்ட கையெழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை. பூட்ஸை அந்தக் கையில் வைத்தார். கை உள்ளே போனது. ஜிப் ஏறியது.

“அப்பா...” என்றது குதிரைத் தலை, முதல் தடவையாக அவளுடைய சொந்தக் குரலில்.

“உஷ். குதிரை பேசக்கூடாது,” என்றார். கடிவாளத்தைக் கையில் சுற்றினார். “நான் பேசிக்கிறேன்.”

மைதானத்துக்குப் போகும் கதவை விட்டுவிட்டு மாடிப்படிப் பக்கம் குதிரையைத் திருப்பினார். முன்னங்கால்கள் தாவி ஏறின. பின்னங்கால்களுக்கு முதல் படியே எட்டவில்லை, தடுமாறின. தலைவர் இறங்கி வந்து வால் பக்கமாகக் குனிந்தார்.

“பாத்து வாங்கம்மா. தரை காஞ்சுதான் இருக்கு,” என்றார். இரண்டு படி ஏறிவிட்டு மறுபடியும் திரும்பினார். “அன்னிக்கும் காஞ்சுதான் இருந்துச்சு.”