முள்ளு வெட்டினவள்

ஓம், பிந்தித்தான் கொண்டு வாறன் அபிசா. அதுக்கு நீர் முகத்தைச் சுழிக்கவேண்டாம். மூண்டு தரம் வாசிச்சனான், மூண்டு தரமும் கோவந்தான் வந்தது. பிறகேன் வாசிச்சனீங்களெண்டோ? நல்ல புத்தகம் எண்டு இந்த வாசிகசாலையில இருந்து எடுத்துத் தந்தது நீர்தானே?

தொடக்கம் நல்லம், பொய் சொல்லமாட்டன். பழைய கதையில பெட்டை நித்திரையாக் கிடப்பாள், ராசகுமாரன் வந்து எழுப்புவான். இதில மாறி. அவன் முள்ளுக்காட்டுக்குள்ள நித்திரை, இவள் வாளோட போறாள். அட, எழுதினது ஆரெண்டாலும் விசயம் தெரிஞ்ச ஆள்தான் எண்டு நினைச்சன். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சனான்.

பிறகு பாத்தா, ஒரே இரவில காடு முழுக்க வெட்டி முடிச்சிட்டாளாம்! ஒரு கீறலும் இல்லையாம்! நான் ரெண்டு வரியமா மிதிவெடி எடுக்கிறன், இஞ்ச பாரும் என்ர கையை. விடத்தல் முள்ளைக் கொப்புக் கொப்பா நறுக்கி எடுக்கோணும். பிறகு முழங்காலில இருந்து மண்ணைச் சுரண்டோணும். வேர்வை கண்ணுக்க ஓடினாலும் முகமூடியைக் கழட்டேலாது. ஒரு நாளைக்கு நாலு பாய் விரிக்கிற நிலம் முடிஞ்சாப் பெரிய காரியம். வாளாம், வாள்!

சிரிக்காதையும். அதைக்கூடப் பொறுப்பன். அந்த மோதிரக் கதைதான் எனக்குப் பத்தி எரிஞ்சது. சூனியக்காரி அவனுக்கு வேறொருத்தியோட மோதிரம் மாத்தி வைக்கிறாள். இவள் போய்க் கூப்பிட்டவுடன மோதிரம் உருகிப் போச்சு, மற்றவளையும் காணேல்லை. எங்க போனவள்? அவளுக்கும் தாய் தேப்பன் இல்லையோ? இதையெல்லாம் பதினாறு வயசுப் பெட்டையள் நம்பிப்போடுவினம் எல்லோ?

எனக்கு இருபத்தேழு. நானும் நம்பினனான்.

பார்த்தீபனை உமக்குத் தெரியாது. கட்டுக்கரையில எங்களுக்கு அடுத்த வளவு. இடம்பெயரேக்க நாங்கள் மடுவுக்குப் போனம், அவை வன்னிக்க போச்சினம். கலியாணம் முடிச்ச ஆக்களை இயக்கம் சண்டைக்குப் பிடிக்காது எண்டு அங்க பிள்ளையளுக்கு அவசர அவசரமாக் கட்டி வச்சவை. அவனுக்கும் அப்பிடித்தான் ஒருத்தியோட கலியாணம் எழுதினவை. சும்மா பேருக்குத்தான், சண்டை முடியக் கிழிச்செறிவன், எனக்காக இரு எண்டு எனக்குக் கடிதம் போட்டவன்.

இருந்தன். அவன்ர வளவில வெடி எடுக்கிற முறை வந்தவுடன, எனக்குத்தான் தரோணும் எண்டு பொறுப்பாளரிட்டக் கெஞ்சி வாங்கினன். எழுபத்தொரு நாள். பதினாலு வெடி. ஒவ்வொண்டும் எடுக்கேக்க, இனி அவன் காலுக்குப் பயமில்லை எண்டு நினைப்பன். விசரி!

நாளைக்குக் காணியைக் குடுக்கிறம். வெடி இல்லை எண்டு காட்ட, அதை எடுத்த ஆக்கள் முன்னுக்கு நடக்கோணும், வீட்டுக்காரர் பின்னால வருவினம். அதுதான் எங்கட வழக்கம். இண்டைக்குக் காலமை கையெழுத்து வைக்க எங்கட கந்தோருக்கு வந்தவை. அவனும், பேருக்கு எழுதின மனிசியும், ரெண்டு வயசுப் பிள்ளையும். அவன் என்னை நிமிந்தும் பாக்கேல்லை.

அவள் பாவம், ஒண்டும் தெரியாது. ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சாள். அக்கா, அந்த நிலத்தில கால் வைக்க எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு, நாளைக்கு நடக்கேக்க மகளை நீங்கள் தூக்கிக்கொண்டு போறீங்களோ எண்டு கேட்டாள்.

ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.