மூச்சைக் கவனிங்கண்ணே

அண்ணனுக்குச் சிகிச்சை தந்த அந்த மனநல ஆலோசகர் அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும் ஐயா. கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு பச்சைச் செடி, முன்னால் ஒரு புன்னகை, இரண்டும் வாடி நான் பார்த்ததில்லை. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் அண்ணனும் உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைப்பவர்கள். அவர் கயிற்றில் தொங்குவார். நான் மொட்டைமாடியில் நின்று, இரண்டு கயிறுகளின் கொக்கிகளையும் இரும்பு வளையத்தில் மாட்டி, கொக்கி வாயைத் திருகிப் பூட்டுவேன். அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கேள்விதான். "தம்பி, பூட்டினியா?" இறங்குவதற்கு முன் கேட்பார். இறங்கியபின் வாக்கிடாக்கியில் கேட்பார். பாதியில் மேலே ஏறி வந்து, கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்போதும் கேட்பார். வீட்டிலும் கதவு, அடுப்பு, குழாய் என்று இதே பாட்டுதான்.

கூட வேலை செய்கிறவர்கள் எனக்குப் 'பூட்டினியா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர்கூட "டேய் பூட்டினியா, வாளிய எடுத்துட்டு வா" என்பார். எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா காதுக்கும் அது எட்டியது. "கூடப் பிறந்தவனே நம்பாத ஆளுக்கு நான் எப்படிப் பொண்ணக் குடுக்கறது?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

நான் கோபப்படவில்லை. அண்ணனுக்கு ஆன்லைன் சிகிச்சை ஏற்பாடு செய்ததே நான்தான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

நல்ல சிகிச்சை ஐயா, உங்களுக்கும் உதவும். பயம் வந்தால் விரட்டக்கூடாது. பாதம் தரையில் படுவதைக் கவனிக்க வேண்டும். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் தானே சலித்துப்போய் எழுந்து போய்விடுமாம். எனக்கும் ஒரு பாடம் இருந்தது. "அவர் கேட்டா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. அந்த எண்ணம் வந்துட்டுப் போகட்டும், மூச்சைக் கவனிங்கன்னு மட்டும் சொல்லுங்க." பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒருநாள் பேச்சு முடியும் நேரத்தில் அண்ணன் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இதெல்லாம் வீட்டுக்கு மட்டும்தான். வேலையில கொக்கிய அவர் கட்டாயம் பார்க்கணும், கேட்டா நீங்க பதில் சொல்லியே ஆகணும். அவர்கிட்டயும் சொல்லிடுங்க." சொல்லிடறேன் மேடம் என்றேன்.

அண்ணன் திரும்பி வந்து, "என்னடா சொன்னாங்க?" என்றார்.

"நல்லா தேறிட்டீங்களாம். வேலையிலயும் இதையே செய்யச் சொன்னாங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அதைக் கெடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

பாவம், மனிதர் ஒழுங்காகப் பழகினார். மேலே ஏறி வருவதை நிறுத்தினார். கேள்விகளும் குறைந்துகொண்டே வந்தன. கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது எனக்கு. ஆனால் மேற்பார்வையாளர் மட்டும் என்னைப் பூட்டினியா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அன்றைக்குக் கொக்கிகள் இரண்டையும் வளையத்தின் விளிம்பில் சும்மா தொங்கவிட்டேன். திருகவில்லை. மறதி என்று எழுதிவிடாதீர்கள். வேலையில் நான் ஒருநாளும் எதையும் மறந்ததில்லை. அதைத்தான் அண்ணன் ஒருநாளும் நம்பவில்லை.

அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"தம்பி, பூட்டினியா?"

"அந்த எண்ணம் வந்துட்டுப் போகட்டும்ணே. மூச்சைக் கவனிங்க."

மூச்சு எனக்கும் கேட்டது. நிதானமாக உள்ளே போயிற்று, நிதானமாக வெளியே வந்தது. "சரிடா, இப்பப் பரவாயில்ல," என்றார். பிறகு அடுத்த கண்ணாடிக்குப் போகச் சுவரைக் காலால் உந்தினார். கயிறு ஒரு கணம் தளர்ந்தது. கொக்கிகள் வளையத்திலிருந்து நழுவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பாதம் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் செய்தாய் என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை ஐயா. அன்று அண்ணன் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவருக்கு என்மேல் அந்த நம்பிக்கை வருவதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?