சாயம் போடாத புட்டி

டீ வேணாம் சார். மொதல்ல அந்த போனை ஏன் கவுத்து வெச்சிகீறீங்க, அத்த சொல்லுங்க. ரெக்கார்டு ஆவுதா? ஆவலியா. சரி, நம்பறேன்.

வேம்புலின்னு எழுதிக்குங்க. ஊடு பட்டாபிராம். இந்தக் காலேஜ் லேப்ல பதினோரு வருசமா புட்டி கழுவறேன். இன்னும் காண்ட்ராக்ட்தான்.

அனுசுயா பொண்ணு ஏமாத்திடுச்சின்னு விசாரிக்க வந்துகீறீங்க. நாலு வருச ஒழைப்பு சார் அது! தங்கத்தக் கண்ணுக்கே தெரியாத தூளா தண்ணில மெதக்க உட்டு, ஊதா லைட்ல வெக்கும். லேசா மினுங்கும், அவ்ளோதான். ஒரு சொட்டு சாயம் உட்டா தங்கமே பளிச்சுனு எரியும். சாயத்து வெளிச்சம் வேற, தங்கத்து வெளிச்சம் வேற அண்ணான்னு எனக்கே காட்டிச்சி. பட்டம் குடுக்கற பெரியவங்க பாக்க வந்த அன்னிக்கி இன்னாடான்னா, சாயம் போடாத புட்டியும் பளிச்சுனு எரியுது. எல்லாத்துலயும் ஒளிச்சி சாயம் கலந்துடுச்சின்னு சொல்லி அதோட பட்டத்த நிறுத்திட்டாங்க.

கலந்தது யாரு? பக்கத்து மேஜை ஸ்ரீநாத்தக் கேட்டீங்களா? ஞாயித்துக்கெழம அவனுக்கு இங்க இன்னா வேல? நான் உள்ள வரேன், டப்புனு அலமாரிய சாத்தறான். சாட்சியா? அதெல்லாம் இல்ல. இன்னா சார் சிரிக்கிறீங்க?

ஆமா, புட்டிங்க என் கையிலதான் இருந்துச்சு. அதுக்கின்னா இப்போ? யாரு போட்டுக் குடுத்தது, அனுசுயாவா?

வேம்புலி அண்ணன இழுக்காதீங்கன்னுச்சா. அப்டியேவா சொல்லிச்சி?

கழுவற லோஷன் தீந்து ரெண்டு மாசம் ஆவுது சார். மூணு தபா எழுதிக் குடுத்தேன். வரும் வரும்னாங்க. அழுக்குப் புட்டியவா குடுக்க முடியும்? ஊட்லேந்து துணி தோய்க்கிற பவுடர எடுத்தாந்து கழுவினேன். சும்மா கண்ணாடியாட்டம் இருந்துச்சு. நேத்து அந்த ஊதா லைட்டப் போட்டுப் பாக்கறேன், அதே பவுடர்ல தோச்ச என் வெள்ள சட்டை எரியுது சார், நீலமா. ஒரு சிட்டிகை பவுடர் வெச்சேன். அதுவும் எரியுது.

ஸ்ரீநாத்தா? லேப்ல துன்னக் கூடாதுன்னு பரோட்டாவ ஒளிச்சான், பாவம்.

இந்தாங்க, மிச்சப் பவுடரு. சன்னல சாத்துங்க, காட்டறேன். போனை வேணும்னா நிமித்தி வெச்சிக்குங்க.