சுவிசேஷமுத்து இறக்கம்

எனக்குச் சிரிப்பை அடக்க வராது, தங்கராஜ் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூடக் குபீரென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறேன். இன்றைக்கோ சந்தோஷமான விஷயம். போட்டிக் கமிட்டிக்காரர் நீங்கள், தமிழ் தெரியும் என்பதற்காகவே உங்களைத் தேடிப்பிடித்து மெட்ராஸிலிருந்து பூனாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க இதற்கு முன் வந்த ஒரே ஆள் ரேஷன் கார்டு இன்ஸ்பெக்டர்தான்.

நான் ஆபிரகாம். கிர்க்கியில் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டர். தம்பி மோசஸ் என்னைவிட ஐந்து வயது இளையவன், பி.காம். இரண்டாம் வருஷம். அப்பா சுவிசேஷமுத்து அதே ஃபாக்டரியில் வேலை பார்த்து, எனக்குப் பத்தொன்பது நடக்கும்போது போய்விட்டார். அந்த வேலைதான் எனக்கு வந்தது. அதற்கு முன்னால் நானும் ஜிம்னாஸ்டிக்ஸ் கம்பியில் சுற்றினவன். நன்றாகவே சுற்றுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கு விளங்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஜூலை மாசம். நல்ல மழை. ஷிஃப்ட் முடிந்து காலேஜ் ஜிம்னேஷியத்துக்குப் போனால் மோசஸ் தலைகால் புரியாமல் குதிக்கிறான். “அண்ணே, ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், பாரு” என்று கம்பியில் ஏறினான். நாலு சுற்று சுற்றி, உச்சியில் கையை விட்டான். பின்பக்கமாக இரண்டு கரணம். இரண்டாவது கரணத்தில் உடம்பை ஒன்றரைத் திருகு திருகி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். விழுந்ததுதான். ஆனால் நம் நாட்டில் அதை யாரும் அதுவரை செய்ததில்லை, சார். எனக்கு நெஞ்சு துள்ளியது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சிரித்தோம். வாட்ச்மேன் வந்து, குடித்திருக்கிறோமா என்று மராத்தியில் கேட்டான்.

விதி உங்களுக்குத் தெரியும், என்றாலும் நான் சொன்னால்தான் வாக்குமூலம் முழுசாகும். கம்பியிலிருந்து குதித்து இறங்கும் தாவலுக்கு இறக்கம் என்று பெயர்; புதுசாக இருந்தால் படம் போட்டு முன்கூட்டியே கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். போட்டியில் யார் முதலில் அதைச் செய்து, காலைத் தரையில் ஊன்றுகிறானோ, கமிட்டியின் விதிப்புத்தகத்தில் அந்தத் தாவலுக்கு அவன் பெயர் அச்சாகும். காலை ஊன்றியபின் விழுந்தால் மார்க் குறையும், பெயர் போகாது. கம்பிக்குக் கீழே நம் ஆள் ஒருவன் பிடிப்பதற்கு நிற்கலாம். ஆனால் அவன் விரல் பட்டால் போச்சு. அப்புறம் அது தம்பியின் தாவல் ஆகாது. கீழே நின்றது நான்தான். ஐந்து மாசமும் நான்தான் நின்றேன். நூறு தடவையாவது அவன் முதுகுக்குக் கை கொடுத்திருப்பேன்.

மனுவை நிரப்பியதும் நான்தான். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இந்த ஊரில் அது இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. ஃபாக்டரி பாஸிலிருந்து எல்லாவற்றிலும் செய்கிறபடி, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். புத்தகத்தில் குடும்பப்பெயர்தான் அச்சாகும் என்று குமாஸ்தா சொன்னார். வீட்டுக்கு சைக்கிளை மிதிக்கிறேன், வாய் தன்னால் சிரிக்கிறது. சுவிசேஷமுத்து இறக்கம். சொல்லிப் பாருங்கள் சார், வாய் நிறைகிறதல்லவா.

டிசம்பர் பதினேழு, போட்டி. காலையில் ஈரானி ஹோட்டலில் வெண்ணெய் தடவின பன் மஸ்கா வாங்கிக் கொடுத்தேன். அவன் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான்.

“அண்ணே, நேத்தையிலேருந்து திருகு சரியா நிக்க மாட்டேங்கு. அதிகமாச் சுத்திருது.”

“பயப்படாதலே.”

“பயந்துட்டேன்னா கூப்பிடுவேன். கூப்பிட்டா பிடிச்சிரணும். பேரு போனா போவுது.”

“சரிலே, பிடிச்சிருதேன்.”

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

மதியம் மூன்று மணிக்கு அவன் முறை. கேலரியில் இடம் போதாமல் ஜன்னல் கட்டையில் எல்லாம் பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மோசஸ் சுற்றுகிறான், கம்பி முனகுகிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கையை விட்டான். முதல் கரணம் அவ்வளவு அழகு. இரண்டாவதில் தெரிந்துவிட்டது, அதிகமாகத்தான் சுற்றுகிறான். கால் தரையில் படும், ஆனால் உடம்பு நிற்காது, பின்னால் சாயும். பின்னால் தேங்காய் நார் மெத்தை இரண்டடிதான். அதற்கப்புறம் வெறும் பலகை.

யோசிக்க நேரமில்லை என்று எல்லோரும் எனக்காகச் சொல்கிறார்கள். நல்ல மனுஷர்கள். நேரம் இருந்தது, சார். பழகினவனுக்கு அந்த ஒரு விநாடி தாராளம். இப்போது பிடித்தால் பெயர் போகும், அடுத்த வருஷம் வேறு ஊர்ப் பையன் எவனாவது செய்து அவன் பெயரைப் போட்டுக்கொள்வான் என்று நிதானமாக யோசித்தேன். கை பழக்கத்தில் தானாக நீண்டுவிடுமோ என்றுதான் பயம். அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன்.

கால் இரண்டும் சேர்ந்து மெத்தையில் ஊன்றியது. நடுவர் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். அப்புறம் அவன் பின்னால் போனான். பலகையில் கழுத்து பட்ட சத்தம் கேலரி வரைக்கும் கேட்டிருக்காது. பின்வரிசையில் நாடகக் கொட்டகை மாதிரி “ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்” என்று கத்தினார்கள். நானும் கை தட்டினேன். அவன் எழுந்திருக்கவில்லை என்பதை நாலைந்து தட்டுக்குப் பிறகுதான் கவனித்தேன்.

இப்போது கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சவரம், எல்லாம் என் கையால்தான். பிப்ரவரியில் புத்தகம் வந்தது, நாற்பத்தோராம் பக்கம். ஃபாக்டரிக்கு எடுத்துப் போனேன். எல்லோருக்கும் நான்தான் பேடா வாங்கினேன், அவர்கள் எனக்கு மாலை போட்டார்கள். “சுவிசேஷமுத்து, ஒரு தாவு தாவிக் காட்டு” என்று ஃபோர்மன் கேலி செய்தார். லேத் மேலே கையை ஊன்றி ஒரு குதி குதித்தேன். அப்படி ஒரு சிரிப்பு அங்கே. எனக்கென்று நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, சார். தம்பியால் மாலை போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் உங்களுக்கு அந்தக் கடிதம் வந்திருக்கிறது. மோசஸ் சொல்ல, எங்கள் அம்மா ஜெபமணி எழுதியது. அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ‘விழும்போது என் அண்ணன் என்னைப் பிடித்தார். அவர் கை என் முதுகில் பட்டது. ஆகையால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.’ இதுதானே. முழுப் பொய்.

டிசம்பரிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். அந்தக் கடிதம் எழுதின அன்றைக்கு வஞ்சிரம் பொரித்து வைத்தாள். என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீ பிடிச்சியாமேய்யா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் ஒன்ன என்னெல்லாமோ நெனச்சிட்டேனேய்யா.” நான் மீனைச் சாப்பிட்டேன்.

பிறகு மோசஸிடம் போய்க் கேட்டேன், ஏம்லே இப்படி எழுதச் சொன்னே என்று. அவன் மோட்டுவளையைப் பார்த்தபடியே, “அம்மாவுக்கு ரெண்டு பிள்ளையும் வேணும்ணே” என்றான். விவரம் கெட்டவன். நாற்பத்தோராம் பக்கத்தை யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் கை படவில்லை. படக் கூடாது என்றே பின்னால் கோத்துக்கொண்டேன். ஜன்னலோரம் நின்ற போட்டோக்காரரிடம் படம் இருக்கும், வாங்கிப் பாருங்கள், கோத்த கை நன்றாகத் தெரியும். அவன் கூப்பிட்டானா என்று கேட்டீர்கள். கூப்பிட்டான், இரண்டு தடவை. முதலில் ‘அண்ணே’ என்றான். அப்புறம் ‘பிடிண்ணே’ என்றான். இரண்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அது அவனே தனியாகச் செய்த தாவல். பெயரை எடுக்க வழியில்லை.

எங்கே, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் மேல் ஏதும் பழி வந்துவிடக் கூடாதே என்று ஜெபம் பண்ணிக்கொண்டு. உள்ளே கூப்பிட்டு இதை நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், சார். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது.