மூணாவது லயம், கடைசி வீடு

— இப்ப என்னா யோசிக்கிறீங்க காந்தண்ணே? மனசுல வர்றத அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க.

— போனைக் கையில குடுத்துட்டு நீ நோட்ட விரிச்சிக்கிட்டு உக்காந்தா பரிச்ச மாதிரி இருக்கு செலின். லாரி லைசன்ஸ் எடுக்கறப்பகூட எனக்கு இப்படி வேர்க்கலலா.

— பரிச்ச உங்களுக்கு இல்லண்ணே, நான் செஞ்ச போன் ஆப்புக்கு. நீங்க தடுமாறுனா தப்பு என்னோடது. நம்ம எஸ்டேட்டுல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் தேடிக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்.

— தேடறதுன்னா பேரு எழுதணுமா?

— வேணாம். மொதல்ல அப்படித்தான் வச்சேன். நம்ம எஸ்டேட்டு ராமாத்தாக்கா பாத்துட்டு, "ஐசி கார்டுல உள்ள பேரு யாருக்குலா தெரியும், எந்த லயம், எத்தனாவது வீடுன்னு கேளு"ன்னாங்க. அதான் வீட்டு வரிசையோட லயத்தையே வரைஞ்சிட்டேன். கீழ தள்ளுங்க.

— அட. காலையில பேரு கூப்பிடற பெரட்டுக் களம். கோயிலு. இது உங்கப்பா டிரஸ்ஸரா இருந்த ஆஸ்பத்திரிதானே? கசப்பு மருந்த ஊத்திட்டு ஒரு பெப்பர்மிண்ட் குடுப்பாரு. அதுக்காகவே நான் வயித்துவலின்னு போவேன். குழாயடிய தப்பா போட்டிருக்க, ரெண்டாவது லயத்துக்கும் மூணாவது லயத்துக்கும் நடுவுல வரணும். இப்ப அங்க எல்லாம் செம்பனத் தோட்டமாப் போச்சு. நியாலாஸ்லயே இருந்துக்கிட்டு நான் அந்தப் பக்கம் லாரியத் திருப்பறதே இல்ல.

— குழாயடிய மாத்திடறேன். உங்க வீட்டத் தொடுங்க.

— மூணாவது லயம், கடைசி வீடு.

— என்னா வருது?

— காந்தன், நியாலாஸ். அதுக்குக் கீழ கணேசமூர்த்தி, சுங்கை ரம்பாய்.

— பேருக்குப் பக்கத்துல "கூப்பிடு"ன்னு பச்சையா இருக்குல்ல, அத அமுக்குங்க.

— எழுத்து சின்னதா இருக்கு.

— பெருசாக்கிட்டேன். இப்ப?

— பச்சக் கலரு கண்ண உறுத்துது.

— காந்தண்ணே, பதினஞ்சு வருசமா இந்த வேல பாக்கறேன். கலரு உறுத்துனா ஆளுங்க கண்ணச் சுருக்குவாங்க. நீங்க கைய எடுத்து மடியில வச்சிட்டீங்க.

— அது எங்கண்ணன்லா. எஸ்டேட்ட வித்தப்ப, வீட்டக் காலி பண்ணச் சம்மதிச்சு யாரும் கையெழுத்துப் போடாதீங்கன்னு நான் லயம் லயமா போய்ச் சொல்லிக்கிட்டிருந்தேன். மொத கையெழுத்து அவன் போட்டான். மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருந்தான், பயம். சாமான் ஏத்துற அன்னைக்கு, "தம்பி, அலமாரிய ஒரு கை பிடிடா"ன்னான். நான் எந்திரிக்கல. தனியாவே இழுத்துக்கிட்டுப் போனான். இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. நெனச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

— ஒரு தடவ அமுக்குனா பேசிடலாமேண்ணே.

— என்னான்னு பேசறது? ஹலோன்னா? லயத்துல கோச்சுக்கிட்டவன் கூப்பிடவா செஞ்சான்? காலையில வாசல்ல வந்து சும்மா நிப்பான். வாயே தொறக்க மாட்டான். உள்ள இருந்து யாராச்சும் பாத்துட்டு, "வா, பசியாறு"ன்னுவாங்க. அதோட சண்ட முடிஞ்சிரும். உன் ஆப்புல கூப்பிடத்தான் வழி இருக்கு செலின். வந்து நிக்க எடமே இல்லியேலா.

— அப்படி ஒரு பட்டன் இருந்தா? பேச வேணாம். நீங்க வந்து நின்னீங்கன்னு அந்தாளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

— இருந்தா மொத ஆளா நான் போய் நிப்பேன்.

— மொத ஆளா முடியாதுண்ணே.

— ஏன்?

— இப்ப நீங்க பாத்தது ஆப்போட பழைய பக்கம். போன வாரம் சுங்கை ரம்பாய்ல ஒரு பெரியவரு இதே எடத்துல கைய எடுத்துட்டாரு. யாருக்குன்னு சொல்லல, இதே பட்டனத்தான் கேட்டாரு. ரெண்டு நாள்ல செஞ்சு கொண்டுபோய்க் காட்டுனேன். அடுத்த பக்கம் தள்ளுங்க. உங்கண்ணன் நாலு நாளா உங்க வாசல்ல நிக்கிறாரு.